கார் மீட்டர் போர்டுக்குக் கலர் எல்.இ.டி. போடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

பழனிக்குப் போய்விட்டு ராத்திரி பொள்ளாச்சிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். உடுமலை தாண்டி, கோமங்கலம் வருவதற்குள் ஹெட்லைட் மஞ்சளாகி மங்கிக்கொண்டே வந்தது. ஹாரன் முனகியது. வண்டி இரண்டு தடவை விக்கி நின்றுவிட்டது. மீட்டர் போர்டு மட்டும் நீல நிறத்தில் அழகாக எரிந்துகொண்டிருந்தது. கூட நின்று தள்ளிவிட்ட தோட்டத்துக்காரர், "டைனமோ பெல்ட் அறுந்துருச்சுங்களா?" என்று கேட்டார். பெல்ட் நன்றாகத்தான் இருந்தது. முந்தின ஞாயிற்றுக்கிழமை மீட்டர் போர்டின் குண்டு பல்புகளை எடுத்துவிட்டு நானே உட்கார்ந்து போட்ட எல்.இ.டி.களில் ஒன்றுதான் காரணம்.

பேட்டரிப் படம் போட்ட சிவப்பு விளக்கு இருக்கிறதே, அதை எல்லோரும் வெறும் எச்சரிக்கை விளக்கு என்றுதான் நினைக்கிறோம். பழைய வண்டிகள் பலவற்றில், என்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்நேட்டரை (தோட்டத்துக்காரர் சொன்ன டைனமோ) எழுப்பிவிடும் வேலையும் அதற்கு உண்டு. சாவியைத் திருப்பியதும் அந்தக் குண்டு பல்பு வழியாகத்தான் ஆல்டர்நேட்டரின் உள்சுருளுக்கு முதல் கரண்ட் போகிறது. 12 வோல்ட், 2 வாட் பல்பு என்றால் சுமார் 170 மில்லிஆம்பியர். அந்தக் கரண்டில் காந்தம் எழும்பியபிறகுதான் ஆல்டர்நேட்டர் தன் கரண்டைத் தானே பார்த்துக்கொள்ளும். அங்கே எல்.இ.டி. போட்டால் 20 மில்லிஆம்பியர்தான் போகும். அது போதாது. சில வண்டிகளில் நன்றாக ரேஸ் கொடுத்தால் மிச்சம் இருக்கும் காந்தத்தில் தானாக எழும்பிவிடும். என் வண்டி எழும்பவில்லை. போதாததற்கு எல்.இ.டி.யைத் தலைகீழாகச் செருகியிருந்தேன். அதனால் 20 மில்லிஆம்பியரும் போகவில்லை, "சார்ஜ் ஏறவில்லை" என்று சொல்ல வேண்டிய விளக்கும் எரியவில்லை. பழனியில் கிளம்பும்போதே செல்ஃப் இழுத்து இழுத்துத்தான் எடுத்தது. படியேறி வந்த அசதியில் நான் அதைக் கவனிக்கவில்லை.

அதனால் சார்ஜ் விளக்கைத் தொடாமல் விட்டுவிடுங்கள். அங்கே எல்.இ.டி. போட்டு, குறையும் கரண்டை ஈடுகட்ட அதற்குப் பக்கத்தில் 68 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் சேர்த்துச் சரிசெய்கிறவர்கள் இருக்கிறார்கள். வேலை செய்யும்தான். ஆனால் மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் 2, 3 வாட் சூட்டைக் கொண்டுபோய் வைக்க எனக்கு மனசு வரவில்லை. ஏர்பேக், ஏ.பி.எஸ். பிரேக் விளக்குகளையும் அப்படியே விடலாம். சில வண்டிகளில் கம்ப்யூட்டர் அந்த பல்பு உயிரோடு இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கும். எல்.இ.டி.யைக் கண்டால் குழம்பும்.

இண்டிகேட்டர் அம்பில் வேறு ஒரு சிக்கல் வரும். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே அம்பு விளக்கு இருக்கும் பழைய மீட்டர்களில், அந்த பல்பு இடது வயருக்கும் வலது வயருக்கும் நடுவில் தொங்கும். இடதுபக்கம் போட்டால் கரண்ட் ஒரு திசையில் போகும், வலதுபக்கம் போட்டால் எதிர்த்திசையில் போகும். குண்டு பல்புக்கு எந்தத் திசையும் ஒன்றுதான். எல்.இ.டி. ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் மினுக்கும். "ஒரு சைடு வேலை செய்யலைங்க" என்று இண்டிகேட்டரை மினுக்கவைக்கும் பிளாஷரை மாற்றி, ஸ்விட்சை மாற்றிக் காசைக் கரைப்பார்கள். இரு திசையிலும் எரியும் எல்.இ.டி. தனியாகக் கிடைக்கிறது. கேட்டு வாங்க வேண்டும்.

மற்ற விளக்குகளுக்கு இந்தத் திசைப் பிரச்சினை சுலபம். எரியாவிட்டால் கழற்றி அரைச்சுற்றுத் திருப்பிப் போட்டால் சரியாகிவிடும். ஆனால் அதை மீட்டரை மாட்டுவதற்கு முன்னால் பார்க்க வேண்டும். எல்லாத் திருகையும் முடுக்கி, பீடிங்கை அழுத்தி, அப்புறம் லைட்டைப் போட்டுப் பார்த்தால் நாலில் ஒன்று இருட்டாக இருக்கும். மறுபடி முதலில் இருந்து.

சரி, கலருக்கு வருவோம். வாசலில் நிறுத்தி, ஒறம்பரையை (உறவுக்காரர்களை) கூப்பிட்டுக் காட்டும்போது நீலம் மாதிரி எடுப்பான நிறம் கிடையாது. அதே வண்டியில் ஆழியாறில் இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளை ராத்திரி ஏறிப் பாருங்கள். இருட்டுக்குக் கண் முழுசாகப் பழக 20, 30 நிமிஷம் ஆகும். அந்த இருட்டுப் பார்வைக்கு உதவும் செல்கள் நீலப்பச்சை வெளிச்சத்துக்கு மிகவும் கூசும், அடர்சிவப்பை அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. நீல எல்.இ.டி.யின் வெளிச்சம் 465 நானோமீட்டர் பக்கம். கண்ணின் லென்சுக்கு அதைக் கூர்மையாகக் குவிப்பதும் கஷ்டம். ஐம்பது தாண்டியவர்களுக்கு எண்கள் எல்லாம் விளிம்பு கலைந்து தெரியும். என் மாமனார் ஒருநாள் ஓட்டிவிட்டு, "மாப்ளே, ஸ்பீடு நாப்பதா அறுபதான்னே தெரியலைங்க" என்றார். ஆரஞ்சு, சிவப்பு, அல்லது அடக்கமான வார்ம் ஒயிட் போட்டால் கண் கூசாது. நீலத்தில் இன்னொரு தொந்தரவு, ஹைபீம் விளக்கும் நீலம். இரண்டும் ஒன்றாகக் கலந்துபோனால் ஹைபீமிலேயே ஓட்டிக்கொண்டிருப்பீர்கள், எதிரில் வருகிறவர் உங்களைத் திட்டுவார்.

முள்ளையும் பாருங்கள். சிவப்பு பெயின்ட் அடித்த முள், நீல வெளிச்சத்தில் கறுப்பாகிவிடும். கறுப்பு டயலில் கறுப்பு முள்! சிவப்பு பெயின்ட் திருப்பி அனுப்ப அந்த வெளிச்சத்தில் சிவப்பு இல்லை, அவ்வளவுதான். அதேபோல் பழைய மீட்டர்கள் பலவற்றில் பல்பின் மேல் பச்சை ரப்பர் தொப்பியோ, டயலுக்குப் பின்னால் பச்சைத் தாளோ இருக்கும். அதை எடுக்காமல் சிவப்பு எல்.இ.டி. போட்டால் கிட்டத்தட்ட இருட்டுதான் மிஞ்சும். எந்தக் கலர் வேண்டும் என்று முடிவுசெய்வதற்கு முன் உள்ளே என்ன வடிகட்டி இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். எச்சரிக்கை விளக்குகளின் நிறத்தை மட்டும் மாற்றவே வேண்டாம்.

குண்டு பல்பு நாலாபக்கமும் வெளிச்சத்தைச் சிதறும். மீட்டரின் வெள்ளைக் குடை அதற்காகவே வார்க்கப்பட்டது. மலிவான எல்.இ.டி. டார்ச் போல நேராக மட்டும் அடிக்கும், டயலில் 80 என்ற எண் பளீரென்றும் 20 மங்கலாகவும் தெரியும். பக்கவாட்டிலும் எரியும் சில்லு (சிப்) வைத்த எல்.இ.டி. வாங்குங்கள். உருண்டைத்தலை எல்.இ.டி.யாக இருந்தால் தலையை நைஸ் உப்புத்தாளில் மெல்லத் தேய்த்து மங்கலாக்கினால் வெளிச்சம் பரவும். அளவும் முக்கியம். டி10 என்ற அளவு பல்பு சுமார் 10 மில்லிமீட்டர் தடிமன், டி5 அதில் பாதி. ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவதே நல்லது.

வெளிச்சத்தைக் குறைக்கும் திருகு இருந்தால், அது பழைய ரெசிஸ்டர் வகையாக இருக்கும்பட்சத்தில் எல்.இ.டி.யின் வெளிச்சம் அதற்கு ஏறக்குறைய அசையாது. அதனால் முதலிலேயே கம்மியான வெளிச்சத்தில் வாங்குங்கள்.

நாமக்கல், சங்ககிரிப் பக்கம் லாரி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. லாரி 24 வோல்ட். காருக்கு விற்கும் எல்.இ.டி.யைப் போட்டால் ஒரு கணம் பிரகாசமாக எரிந்து கருகிவிடும். காரிலும் 12 என்று கணக்குப் போடக்கூடாது, என்ஜின் ஓடும்போது 14.4 வரை போகும். காருக்குத் தனி எல்.இ.டி. வாங்கி நீங்களே ரெசிஸ்டர் வைப்பதானால் நீலத்துக்கு 560 ஓம் கணக்கு.

கழற்றுவதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள், 10 நம்பர் ஸ்பேனர் போதும். கேபிள் ஸ்பீடோமீட்டராக இருந்தால் கேபிளை முதலில் விடுவிக்காமல் மீட்டரை இழுக்காதீர்கள். முள்ளைப் பிடுங்கவே கூடாது. பிடுங்கி மறுபடி வைத்தால் ஐந்து, பத்து கிலோமீட்டர் தப்பாகக் காட்டும். மீட்டருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும், பல்புகளுக்குக் கரண்ட் கொண்டுபோகும் செம்புக்கோட்டுத் தாள் வருஷக்கணக்கில் சூட்டில் மொறுமொறுப்பாகியிருக்கும், ஹோல்டரை நெம்பினால் கிழியும். கண்ணாடி மேல் படிந்த செம்மண் தூசியை உலர்ந்த துணியால் துடைத்தால் கோடு கோடாக விழும்.

உங்கள் வண்டி புதுசாக இருந்து, உள்ளே பல்புக்குப் பதில் போர்டிலேயே சால்டர் செய்த அரிசிமணி எல்.இ.டி.கள் இருந்தால் இதெல்லாம் பொருந்தாது. நுனி மெல்லிய சால்டரிங் அயனும் பழகிய கையும் வேண்டும். நான் அதில் கைவைக்கவில்லை. பழைய வண்டியில் இப்போது ஆரஞ்சு எரிகிறது. சார்ஜ் விளக்கில் மட்டும் அதே குண்டு பல்பு.