மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி: மண்மேட்டு வேளாண்மையைச் செய்து பார்க்கும் முறை

வட அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியைச் சேர்ந்த வாம்பனோக், ஹோடனோஷோனி முதலிய தொல்குடி மக்கள் மக்காச்சோளம், கொடி பீன்ஸ், பூசணி ஆகிய மூன்றையும் ஒரே நிலத்தில், சிறு மண்மேடுகளில் வளர்த்து வந்தனர். ஹோடனோஷோனியர் இவற்றை ‘மூன்று சகோதரிகள்’ என்பர். இம்முறைக்கு ஏர் வேண்டாம், மாடு வேண்டாம். களைக்கொத்து ஒன்று போதும். 1620 டிசம்பரில், இன்றைய அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலக் கடற்கரையில் உள்ள பிளிமத்தில் குடியேற வந்து இறங்கிய ஆங்கிலேயருக்கு இது கைகொடுத்ததற்கு அதுவே முதற்காரணம், ஏனெனில் அவர்களுக்கு முதல் மாடுகள் 1624-இல்தான் கப்பலில் வந்து சேர்ந்தன.

அவர்கள் குடியேறிய இடம் பட்டுக்செட் என்னும் வாம்பனோக் ஊரின் பழைய விளைநிலமாகும். 1616 முதல் 1619 வரை பரவிய கொள்ளைநோயில் அவ்வூர் அழிந்தது. 1614-இல் கடத்தப்பட்டு வெளிநாட்டில் இருந்ததால் உயிர் தப்பிய டிஸ்குவாண்டம் என்பவரே 1621 வசந்தத்தில் புதியவர்களுக்கு நடவைக் கற்றுக்கொடுத்தார். அந்த ஆண்டு அவர்கள் ஏறத்தாழ 20 ஏக்கரில் மக்காச்சோளமும், 6 ஏக்கரில் பார்லியும் பட்டாணியும் பயிரிட்டனர். சோளம் நன்கு விளைந்தது. பார்லி சுமாராக வந்தது. பட்டாணியோ பூத்த நிலையிலேயே வெயிலில் கருகியது. விதைப்புக் காலம் தவறிவிட்டதே காரணம் என்று அவர்களே கருதினர்.

ஆகவே காலத்திலிருந்தே தொடங்க வேண்டும். நியூ இங்கிலாந்து எனப்படும் இந்த வடகிழக்குப் பகுதியில் ஓக் மரத்தின் தளிர் எலியின் காது அளவுக்கு விரியும்போது சோளம் ஊன்றுவது பழைய வழக்கம். வெப்பமானி வைத்திருப்பவர்கள், உறைபனி அச்சம் நீங்கி, மண்ணின் வெப்பம் ஏறத்தாழ 15 டிகிரி செல்சியஸை எட்டும்வரை காத்திருக்கலாம். குளிர்ந்த ஈரமண்ணில் ஊன்றிய விதை முளைக்காமல் அழுகிவிடும்.

விதைத் தேர்வில்தான் பலர் சறுக்குகின்றனர். கடைகளில் கிடைக்கும் குட்டையான இனிப்புச் சோளத்தின் தட்டை மெலிந்தது. பீன்ஸ் கொடி அதை வளைத்துத் தரையில் சாய்த்துவிடும். கதிருக்கு 8 வரிசை மணிகள் கொண்ட, கெட்டியான வடபகுதி நாட்டுச் சோளமே இதற்கு உகந்தது. பீன்ஸ் கொடி வகையாகவும், பூசணி தரையில் படர்ந்து ஓடும் வகையாகவும் இருக்கட்டும்.

நாள் முழுவதும் வெயில் விழும் இடத்தில், மையத்துக்கு மையம் ஒரு மீட்டருக்குச் சற்று மிகுதியான இடைவெளி விட்டு, அரை மீட்டர் அகலத்தில் மேடுகளை அமைக்க வேண்டும். நிலம் முழுவதையும் கொத்தத் தேவையில்லை. சோளத்தின் மகரந்தம் காற்றில் பரவுவதால், மேடுகளை ஒரே நீள வரிசையாக அமைத்தால் கதிர்களில் மணி பிடிக்காது. நான்குக்கு நான்கு என்ற சதுரமாவது இருக்க வேண்டும். பழைய நிலத்தில் மீன் இடாவிட்டால் விளையாது என்று டிஸ்குவாண்டம் எச்சரித்ததால், பிளிமத்தார் ஓடையேறி வரும் ஹெர்ரிங் வகை மீன்களைப் புதைத்தனர். மீன் புதைப்பது தொல்குடிகளின் பழைய வழக்கம்தானா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மீனின் வாடைக்கு விலங்குகள் மேட்டைத் தோண்டிவிடும் என்பதால், மட்கிய தொழுவுரமே தொல்லையற்றது.

ஒவ்வொரு மேட்டிலும் நான்கு சோள விதைகளை இரண்டு விரற்கடை ஆழத்தில் ஊன்றுங்கள். 1605-இல் சாக்கோ ஆற்று முகத்துவாரத்தில் இறங்கிய பிரெஞ்சு நாட்டவர் ஷாம்ப்ளேன், அங்கிருந்த தொல்குடியினர் மேட்டுக்கு மூன்று நான்கு மணிகளும், அவற்றுடன் அதே அளவு பீன்ஸும் இட்டதைக் குறித்திருக்கிறார். பீன்ஸை உடனே ஊன்றுவதைவிட, சோளம் ஒரு சாண் உயரம் வந்தபின் ஊன்றுவதே நல்லது. முந்தினால் கொடி நாற்றை அமுக்கிவிடும். அதற்கு ஒரு வாரம் கழித்து, ஓரத்து மேடுகளில் பூசணி விதையை இடலாம். அதன் அகன்ற இலைகள் மண்ணை மூடி ஈரத்தைக் காத்துக் களையை அடக்கும். பீன்ஸின் வேர்முடிச்சுகள் அதே பருவத்தில் சோளத்துக்கு நைட்ரஜனை ஊட்டுகின்றன என்று அடிக்கடி எழுதப்படுவது மிகை. பீன்ஸ் செடியை நிலத்திலேயே மட்கவிட்டால்தான் அந்த நைட்ரஜனின் பெரும்பகுதி அடுத்த பயிருக்குக் கிடைக்கும்.

பூசணி படர்வதற்குள் இரண்டு முறை களை எடுத்து, தட்டையின் அடியில் மண் அணைக்க வேண்டும். வாம்பனோக் பெண்கள் கிளிஞ்சல் ஓட்டைக் கழியில் கட்டிய கொத்தினால் இதைச் செய்தனர். பறவைகளை விரட்டச் சிறுவர்கள் வயலில் பரண் அமைத்துக் காவல் இருந்தனர். ஏர் படாத, வேலி இல்லாத இத்தகைய வயல்களையும் அவற்றைச் சுற்றிய காடுகளையும் உரிமையாளரற்ற நிலம் என்று வாதிட்ட குடியேறிகள் உண்டு. பின்னாளில் அவர்களுடைய மாடுகளும் பன்றிகளும் இவ்வயல்களில் புகுந்து மேய்ந்தது இரு தரப்புக்கும் இடையே தீராத வழக்காயிற்று.

கதிர் பால் பிடித்த நிலையில் சிலவற்றைச் சுட்டுத் தின்னலாம். மீதியைச் செடியிலேயே காயவிட்டு, தோகையோடு ஒடித்து, தோகைகளைப் பின்னிக் காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள். அக்காலத்தில் உலர்ந்த சோளத்தைக் குழிகளில் புதைத்துச் சேமித்தனர். பிளிமத்துக்கு வருமுன், 1620 நவம்பரில் அருகிலுள்ள கேப் காட் பகுதியில் நாசெட் என்னும் தொல்குடி மக்களின் அத்தகைய குழிகளைத் தோண்டி எடுத்துச் சென்ற சோளமே ஆங்கிலேயருக்கு மறு ஆண்டு விதையாயிற்று. அதற்கான ஈட்டைப் பின்னர் கொடுத்தனர். விதைக்கு, பல செடிகளின் நல்ல கதிர்களிலிருந்து நடுப்பகுதி மணிகளை எடுத்துக் கலந்து வையுங்கள்.

சமைக்கும் முறையையும் விட்டுவிடக் கூடாது. மக்காச்சோளத்தில் உள்ள நியாசின் என்னும் வைட்டமின் உடலில் சேர, அதைச் சாம்பல் அல்லது சுண்ணாம்பு கலந்த காரநீரில் வேகவைக்க வேண்டும்; இதை அறியாமல் சோளத்தையே முதன்மை உணவாகக் கொண்ட ஐரோப்பிய ஏழைகளை 18-ஆம் நூற்றாண்டில் நியாசின் குறைவால் வரும் பெலாக்ரா நோய் வாட்டியது. இரண்டு பங்கு உலர்ந்த மணிக்கு ஒரு பங்கு சலித்த விறகுச் சாம்பல் சேர்த்து, அலுமினியம் அல்லாத பாத்திரத்தில், தோல் வழுவும்வரை கொதிக்கவிடுங்கள். அந்த நீர் கையை அரிக்கும், கையுறை அவசியம். பிறகு தோல் நீங்கும்படி தேய்த்து, நீர் தெளியும்வரை பலமுறை அலசி, புதிய நீரில் பீன்ஸோடு சேர்த்து மெதுவாக வேகவைக்கலாம்.