மனசுக்கு மறுமதிப்பீடு: புதிதாகச் செய்கிறவர்கள் தடுக்கி விழும் இடங்கள்

பிளஸ் டூ முடித்த யாருக்கும் மறுமதிப்பீடு என்ற சொல் தெரியும். விடைத்தாள் நகலை வாங்கி, எந்தக் கேள்விக்கு எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்று பார்த்து, அதன் பிறகே விண்ணப்பிக்கிறோம். உளவியலில் இதே பெயரில் வழங்கும் பயிற்சியும் ஏறக்குறைய அதே வேலைதான். நடந்தது நடந்ததுதான். அதற்கு மனம் அவசரத்தில் போட்ட மதிப்பெண் சரியா என்று திரும்பப் பார்க்கிறோம். ஆல்பர்ட் எல்லிஸும் ஆரோன் பெக்கும் 1950, 60-களில் மனநலச் சிகிச்சைக்குள் கொண்டுவந்த இந்த யோசனையை, ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக உளவியலாளர் ஜேம்ஸ் கிராஸ் 1998-ல் உணர்ச்சியைக் கையாளும் வழிகளில் ஒன்றாக வரிசைப்படுத்தினார். உணர்ச்சி முழுதாகக் கிளம்பும் முன்பே அதன் காரணத்தை வேறு விதமாகப் பார்ப்பது மறுமதிப்பீடு. கிளம்பிய பிறகு முகத்தில் தெரியாமல் அமுக்குவது வேறு. அது உள்ளே இருப்பதைக் குறைப்பதில்லை.

ஆலோசகராகப் புதிதாக இறங்கியவர்கள், கல்லூரியில் சக மாணவர்களுக்கு உதவப் பயிற்சி எடுத்தவர்கள், எங்கோ படித்துவிட்டுத் தனியாகச் செய்து பார்க்கிற இருபது, இருபத்திரண்டு வயதுக்காரர்கள் எல்லோரும் ஒரே இடங்களில் தடுக்குகிறார்கள். நாங்களும் தொடக்கத்தில் தடுக்கிய இடங்கள்தான் அவை. நோட்டைத் தொலைப்பது, மூன்றாம் நாளே விட்டுவிடுவது போன்றவற்றைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால் அவற்றை விட்டுவிடுகிறோம்.

நகல் வாங்காமலே விண்ணப்பிப்பது

எந்த எண்ணத்தை மறுமதிப்பீடு செய்கிறோம் என்றே தெரியாமல் தொடங்கிவிடுகிறார்கள். "பயமா இருக்கு" என்பது உணர்ச்சி. "மெசேஜைப் பார்த்துட்டு ரிப்ளை பண்ணல" என்பது நடந்த சம்பவம். இரண்டுக்கும் நடுவில் ஒரு வாக்கியம் ஒளிந்திருக்கிறது: "என்னை ஒதுக்கிட்டாங்க." கையில் எடுக்க வேண்டியது அதைத்தான்.

தாளில் மூன்று கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில், ஒரு கேமரா பிடித்திருந்தால் எது பதிவாகியிருக்குமோ அது மட்டும். இரண்டாவதில் மனம் சொன்ன வாக்கியம், அது சொன்ன அதே பேச்சுத் தமிழில். "எனது எதிர்காலம் குறித்து ஐயம் எழுந்தது" என்று எழுதினால் நெஞ்சில் ஒட்டாது, "நான் வேலைக்கே ஆக மாட்டேன்" என்று எழுதினால் ஒட்டும். மூன்றாவதில் உணர்ச்சியின் பெயரும், 0 முதல் 100 வரை அதன் அளவும்.

ஒரு நுணுக்கம். பதட்டம் பெரும்பாலும் கேள்வியாக வரும், சோகம் தீர்ப்பாக வரும். "அரியர் விழுந்துட்டா என்ன ஆகும்?" என்ற கேள்வியை மறுமதிப்பீடு செய்ய வழியே இல்லை, ஏனென்றால் அதில் சரிபார்க்க எதுவும் இல்லை. அதற்கு மனம் ஏற்கெனவே வைத்திருக்கும் பதிலை எழுத வையுங்கள்: "அரியர் விழுந்தா எந்த கம்பெனியும் உள்ளயே விடாது." இதைச் சரிபார்க்கலாம்.

நம்பாத வாக்கியம்

நேர்முகத் தேர்வில் வேலை கிடைக்கவில்லை. மனம் சொன்ன வாக்கியத்துக்கு மாற்றாக, "எல்லாம் நன்மைக்கே, இதைவிட நல்ல வேலை வரும்" என்று எழுதுகிறார்கள். எழுதியவரிடமே இதை எவ்வளவு நம்புகிறாய் என்று கேட்டால் நூற்றுக்கு 15 என்பார். நம்பிக்கை 15-ல் நிற்கும் வாக்கியம் சோகத்தைத் தொடக்கூட முடியாது. சில நேரம் கூட்டிவிடும். ஜோன் வுட்டும் உடன் ஆய்வாளர்களும் 2009-ல் வெளியிட்ட சோதனையில், தன்மதிப்பு குறைந்தவர்கள் தங்களை அன்புக்குரியவர் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டபோது முன்பைவிட மோசமாக உணர்ந்தார்கள். நம்பாததைச் சொல்லும்போது, அது பொய் என்பதற்கான சாட்சிகளைத்தான் மனம் வரிசையாகக் கூப்பிடுகிறது.

அதே ஆள் இப்படி எழுதலாம்: "மூணு ரவுண்டுல ரெண்டு தாண்டினேன். டெக்னிக்கல்ல டேட்டாபேஸ் கேள்வியில மாட்டிக்கிட்டேன்." நம்பிக்கை 80. சோகம் 75-லிருந்து 55-க்கு இறங்கும். இருபது இறங்கினாலே வேலை செய்திருக்கிறது என்று பொருள். பூஜ்யத்துக்குக் கொண்டுவர முயன்றால் கருணை மதிப்பெண் போடத் தொடங்கிவிடுவோம். எங்கள் கணக்கில், மாற்று வாக்கியத்தின் மேல் குறைந்தது 60 நம்பிக்கை இல்லையென்றால் அதை அடித்துவிட்டு, இன்னும் சிறியதாக, இன்னும் உண்மையாக ஒன்று எழுத வேண்டும்.

கொதிக்கும்போது தாளை நீட்டுவது

உணர்ச்சியின் அளவு 80-க்கு மேல் இருந்தால் எழுத வைக்காதீர்கள். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு சோதனை (2013): மனத்தால் பயத்தைக் குறைக்கும் முறையைக் கற்றுக்கொண்டவர்களில் ஒரு பகுதியினரின் கையை, மறுநாள் பனி நீரில் சில நிமிடம் வைத்து உடம்பை நெருக்கடிக்கு உள்ளாக்கினார்கள். அவர்களிடம் அந்த முறை எடுபடவில்லை. முதலில் முகம் கழுவட்டும், மாடிப்படி ஏறி இறங்கட்டும், மூச்சை உள்ளே இழுப்பதைவிட மெதுவாக வெளியே விடட்டும். அரை மணி கழித்துத் தாள்.

மாற்ற வேண்டியதை மறுமதிப்பீடு செய்வது

இத்தனை ஆண்டுக்குப் பிறகும் எங்களுக்கு ஆற்றாமை தரும் தவறு இதுதான். மற்றவற்றில் நேரம்தான் வீணாகும். இதில் வாழ்க்கை வீணாகிறது.

திரும்பத் திரும்ப வரும் ஒரு வகையைச் சொல்கிறோம். முதல் வேலையில் சேர்ந்த ஒரு பெண். மேலாளர் இரவு பத்தரைக்கு அழைத்து, காலைக்குள் முடிக்கச் சொல்கிறார், வாரத்தில் நான்கு நாள். அவள் கட்டம் போட்டு எழுதுகிறாள். எண்ணம்: "என்னை மனுஷியாவே மதிக்கல." மாற்று எண்ணம்: "அவருக்கும் மேல இருந்து பிரஷர் இருக்கும். இது கத்துக்கிற காலம்." நம்பிக்கை 70. கோபம் 80-லிருந்து 40. புதிய ஆலோசகர் அந்தத் தாளைப் பார்த்தால் மகிழ்ந்துபோவார். கட்டங்கள் எல்லாம் சரி, எண்களும் இறங்கியிருக்கின்றன. மறுநாள் இரவு பத்தரைக்கு மறுபடியும் போன் அடிக்கிறது. ஆறு வாரத்தில் நோட்டு நிறைந்துவிடுகிறது. அவளுக்குத் தூக்கம் போகிறது, பசி போகிறது. ஒரு நாள் காலையில் காரணம் தெரியாமல் அழுதுகொண்டே, கையில் வேறு வேலை இல்லாமல், ராஜினாமா எழுதுகிறாள். அந்த ஆறு வாரத்தில் யாரும் அவளிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை: "இதில் நீ செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா?"

கோபமும் பதட்டமும் எதையாவது செய் என்று உந்துவதற்காக வருகின்றன. மறுமதிப்பீடு அந்த உந்துதலைத்தான் குறைக்கிறது. திறமையாகச் செய்யச் செய்ய, நிலைமையை மாற்றுவதற்கான வேகமும் திறமையாகக் குறைந்துபோகிறது. அலிசன் டிராயும் உடன் ஆய்வாளர்களும் 2013-ல் காட்டியது இதற்கு ஒத்துப்போகிறது. கட்டுப்படுத்த முடியாத நெருக்கடியில் இருந்தவர்களில், மறுமதிப்பீட்டில் கைதேர்ந்தவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது. தங்களால் மாற்றக்கூடிய நெருக்கடியில் இருந்தவர்களிடம் கதை தலைகீழ். கைதேர்ந்தவர்களுக்கே மனச்சோர்வு அதிகம்.

நம் வீடுகளில் இந்தத் தவறுக்கு நீர் ஊற்ற ஆள் இருக்கிறது. "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகளிடம் இந்தத் தாளை நீட்டினால், அனுசரித்துப் போவதற்கு அறிவியல் சான்றிதழ் கிடைத்ததாக எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பழைய சொல்லையே கட்டம் போட்டுத் திருப்பிக் கொடுப்பது ஆலோசனை ஆகாது.

அதனால் தாளின் தலையில், கட்டங்களுக்கும் மேலே, ஒரு வரி எழுதச் சொல்கிறோம்: அடுத்த ஏழு நாளில் இதில் நான் செய்யக்கூடிய ஒரு செயல் என்ன? பதில் இருந்தால், யாரிடம், எந்த நாள், எந்த வார்த்தையில் என்பது வரை எழுத வேண்டும். "பேசிப் பார்க்கணும்" என்பது பதில் ஆகாது. "வியாழக்கிழமை மதியம், சார், ராத்திரி ஒன்பதுக்கு மேல வர்ற வேலையை மறுநாள் பதினோரு மணிக்குள்ள முடிச்சுத் தர்றேன்னு சொல்லப்போறேன்" என்பது பதில்.

இப்போதுதான் மறுமதிப்பீட்டுக்கு இடம் வருகிறது. அதைச் சொல்ல நினைத்ததும் மனம் "கேட்டா வேலையே போயிடும்" என்கிறது. அந்த வாக்கியத்தை எடுத்து, அலுவலகத்தில் முன்பு யார் இப்படிக் கேட்டார்கள், என்ன நடந்தது என்று சரிபாருங்கள். பயம் உண்மையாகவே இருந்தால், கேட்கும் முன் வேறு வேலை தேடுவது ஏழு நாள் செயலாகட்டும். செயலைத் தடுக்கும் பயத்தை மறுமதிப்பீடு செய்யலாம். செயலுக்குப் பதிலாக மறுமதிப்பீட்டை வைக்கக் கூடாது.

எழுதி முடித்த தேர்வு, முடிவெடுத்து விலகிப்போன காதலர், இறந்துபோனவர் என நம் கையில் இல்லாதவற்றுக்கு இந்தப் பயிற்சி உண்மையிலேயே கைகொடுக்கும். பல விஷயங்களில் பாதி மாறும், பாதி மாறாது. தாளின் நடுவே கோடு போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள்.

அடி, மிரட்டல், பாலியல் தொந்தரவு, சாதி சொல்லி இழிவுபடுத்துவது: இவற்றில் எந்தக் கோட்டுக்கும் இடமில்லை. "அவர் அந்த மாதிரி நினைச்சுச் செஞ்சிருக்க மாட்டார்" என்று எழுத வைப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் துரோகம். முதலில் பாதுகாப்பு, பிறகு புகார். இந்தியாவில் பெண்களுக்கான உதவி எண் 181.

படபடப்பை அமைதியாக்கப் பார்ப்பது

மேடை ஏற ஐந்து நிமிடம் இருக்கும்போது "அமைதியா இரு" என்றால் உடம்பு கேட்காது. ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014-ல் வெளியிட்ட சோதனைகளில், "நான் உற்சாகமாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்கள், "நான் அமைதியாக இருக்கிறேன்" என்றவர்களைவிட நன்றாகப் பாடினார்கள், பேசினார்கள். இரண்டிலும் நெஞ்சு ஒரே மாதிரிதான் அடிக்கும். "உடம்பு ரெடியாகுது" என்ற இரண்டு சொல் போதும்.

ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் படுத்தபடி யோசிப்பது

அது மறுமதிப்பீடு இல்லை, அசைபோடுவது. உட்கார்ந்து, பேனாவால், பதினைந்து நிமிடம் மட்டும் எழுத வேண்டும். ஒரே வாக்கியம் மூன்றாவது முறை வந்தால் நோட்டை மூடிவிட்டு எழுந்து ஒரு துணியாவது துவைக்கலாம். சோகத்தில் கையும் காலும் அசைவது பல நேரம் யோசனையைவிட வேகமாக வேலை செய்யும். தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, தோழிக்குச் சொல்வதுபோல் "நீ" என்று எழுதிப் பார்ப்பதும் உதவும். அந்தச் சிறு விலகல் சுழலிலிருந்து வெளியே இழுக்கிறது.

அழுகிறவருக்கு நீங்களே செய்து கொடுப்பது

அவர் கேட்காமல் மாற்று வாக்கியத்தை நீங்கள் எழுதித் தராதீர்கள்.

எல்லாவற்றுக்கும் இந்தத் தாளே போதும் என்று நினைப்பது

இரண்டு வாரமாக, நாளின் பெரும்பகுதி, சோகமோ எதிலும் ஈடுபாடில்லாமையோ இருந்து, தூக்கமும் சாப்பாடும் படிப்பும் கெட்டுப்போயிருந்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். பயிற்சி அதற்குத் துணையாக இருக்கலாம், மாற்றாக முடியாது.

"இருந்து என்ன பிரயோஜனம்" என்ற வாக்கியம் இரண்டாவது கட்டத்தில் வந்தால் மூன்றாவது கட்டத்துக்குப் போகாதீர்கள். சாகணும்னு தோணுதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. இந்தியாவில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழ்நாட்டில் 104-ம் உண்டு, இலங்கையில் 1926. எண்ணைக் கொடுத்து அனுப்பிவிடாமல், பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையில் போனைக் கொடுத்து, மறுமுனையில் ஒருவர் பேசத் தொடங்கும்வரை கூடவே இருங்கள்.