வெயில் நமக்குப் பழக்கம்தானேன்னு சிகிரியா ஏறாதீங்க

வேலூர்லேர்ந்து வெளிநாடு கிளம்புற நம்மாளுங்க பண்ற மொத தப்பு, வெயில் நமக்கு இன்னா புதுசாங்கற தெனாவெட்டுதான். நானும் மச்சானும் இலங்கை போனப்ப சிகிரியா பாறைக் கோட்டைக்கு பதினோரு மணிக்கு சாவகாசமா போய் நின்னோம், கிட்டத்தட்ட 1200 படி, 200 மீட்டர் ஒசரம், மேல போகப்போக இரும்புப் படிதான், நிழல்னு ஒண்ணும் பெருசா கெடையாது. நம்மூர்ல அந்த நேரத்துக்கு நாம ஃபேனுக்குக் கீழ படுத்துக்கினுதான் இருப்போம்ங்கறது பாதி மலையிலதான் உறைச்சுது. கேட் தொறக்கும்போதே போயிடுங்க, தண்ணி பாட்டில் கையில இருக்கட்டும். பாறையில குளவிக் கூடு இருக்கு, சத்தம் போடாதீங்கன்னு போர்டே வெச்சிருக்காங்க, நம்ம மச்சான் அங்க நின்னுதான் வீட்டுக்கு வீடியோ கால் போட்டு கத்துறான்.

அங்க பாறை ஓவியத்தை போட்டோ எடுக்கக் கூடாது. அதை ஒட்டி கண்ணாடிச் சுவர்னு ஒண்ணு (கண்ணாடி இல்ல, அது மாதிரி பளபளப்பா மெழுகின சுவர்), ஆயிரம் வருஷம் முன்னாடி சுத்திப்பாக்க வந்தவங்க சிங்களத்துல கவிதை கிறுக்கி வெச்சது இன்னும் இருக்கு, அதைப் பாத்ததும் நம்ம கோட்டைச் சுவத்துல ஆர்ட்டின் போட்டு பேர் எழுதுன கை சும்மா இருக்காது. "அவன் எழுதுனா கவிதை, நான் எழுதுனா கேஸா, இன்னாடா நாயம் இது"ன்னான் மச்சான். கேஸ்தான்! 2015ல அந்தச் சுவத்துல பேரைக் கீறின ஒரு பொண்ணுக்கு ரெண்டு வருஷம் ஜெயில்னு தீர்ப்பாச்சு, அப்புறம் ஜனாதிபதி மன்னிப்பு குடுத்துதான் வெளிய வந்துச்சு.

இடிஞ்ச கோயில்னா சாமி இல்லன்னு நெனைக்கிறது அடுத்த தப்பு, இது நம்மூர்க்காரங்களுக்கு கொஞ்சம் ரத்தத்துலயே இருக்கு, ஏன்னா வேலூர் கோட்டைக்குள்ள இருக்குற ஜலகண்டேஸ்வரர் கோயில்ல 1981 வரைக்கும் மூலவரே கெடையாது, எங்க அப்பாவெல்லாம் அதை சுத்திப்பாக்குற எடமாத்தான் பாத்து வளந்தவரு. இலங்கையில அப்படி இல்ல, சிலை எவ்ளோ பழசா இருந்தாலும் புத்தர் புத்தர்தான். முதுகைக் காட்டி நின்னு செல்ஃபி எடுத்தா கூப்பிட்டுத் திட்டுவாங்க, 2012ல சிலைக்கு முத்தம் குடுக்குற மாதிரி போட்டோ எடுத்த பிரெஞ்சுக்காரங்களுக்கு கோர்ட்டுல தண்டனையே குடுத்தாங்க (ஜெயிலுக்குப் போகல, தண்டனையை நிறுத்தி வெச்சாங்க). தம்புள்ள குகைக் கோயிலுக்கு செருப்பைக் கழட்டிட்டுத்தான் போகணும், மத்தியானம்னா பாறை தோசைக்கல்லு மாதிரி இருக்கும், பையில ஒரு ஜோடி சாக்ஸ் போட்டுக்குங்க. முட்டி தெரியிற ஷார்ட்ஸ் வேணாம்.

கம்போடியாவுல அங்கோர் வாட் கோயிலுக்குப் போறவங்களுக்கும் இதே கதைதான், மேல்தளத்துக்கு தோளும் முட்டியும் மூடியிருக்கணும், 12 வயசுக்குக் கீழ பசங்களை ஏத்த மாட்டாங்க. ஒருநாள் டிக்கெட் 37 டாலர், மூணுநாள் 62 டாலர், காசு மிச்சம்னு ஒருநாள் எடுத்தா கால் வலிதான் மிச்சம், அங்கோர் வளாகத்துக்குள்ள அவ்ளோ கோயில் கீது. டிக்கெட்ல உங்க மொகமே அச்சடிச்சிருக்கும், மாத்திக் குடுக்கவும் முடியாது. அப்புறம் எல்லாரும் சூரியன் எழும்புறதைப் பாக்க நாலு மணிக்கே எழுந்து ஓடுவாங்க, போங்க, வேணாங்கல, ஆனா அங்கோர் வாட் கோயில் மேற்கு பாத்தது, காலையில முன்பக்கம் கருப்பாத்தான் விழும். சிற்பம் தெளிவா போட்டோல வரணும்னா சாயங்காலம் இன்னொரு தடவை போங்க.