புல்பென்னையும் முதல் தளத்தையும் எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேஸ்பால் அணி ஒன்றை அலச உட்கார்ந்தால், தொடக்கப் பிட்சர்கள் (பந்தெறிபவர்கள்) யார், ஹோம் ரன் அடிப்பவர்கள் யார் என்ற இரண்டு கேள்விகளிலேயே பாதி நேரம் போய்விடுகிறது. தொடக்கப் பிட்சர் களைத்த பிறகு வந்து எறியும் ரிலீவர்களின் கூட்டமான புல்பென்னும், உள்களத்தில் பிடிபடும் தரைப்பந்துகளில் பெரும்பாலானவை கடைசியாக வந்து சேரும் முதல் தளமும் ‘எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாம்’ என்ற கணக்கில் ஒதுக்கப்படுகின்றன. 2025ஆம் ஆண்டு பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி 89 ஆட்டங்களில் வென்று, 73 ஆட்டங்களில் தோற்று, தன் பிரிவில் முதலிடம் பெறாத அணிகளுக்கான வைல்டு கார்டு வழியாகப் பிளேஆஃப்புக்குள் நுழைந்தது. அந்த அணி அந்த ஒரே ஆண்டில் பட்ட பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், இவ்விரண்டு இடங்களையும் மதிப்பிடுவதில் நாம் செய்கிற தவறுகள் அனேகமாக எல்லாமே அதில் அகப்பட்டுவிடும்.

பெருந்தவறு, புல்பென்னைக் குளோசரின், அதாவது கடைசியாக வந்து ஆட்டத்தை முடித்துவைக்கும் ரிலீவரின், பெயரால் அளப்பது. 1969 முதல் அதிகாரபூர்வமாகக் கணக்கிடப்பட்டு வரும் ‘சேவ்’ பெரும்பாலும், மூன்று ஓட்டங்களுக்கு மிகாத முன்னிலையோடு கடைசி இன்னிங்ஸை எறிந்து ஆட்டத்தை முடிப்பவருக்குப் போகிறது. ஒன்பதாவது இன்னிங்ஸில் மூன்று ஓட்டங்கள் கையிருப்பில் இருக்க, எதிரணியின் கடைசி வரிசை ஆட்டக்காரர்களை வீழ்த்தியவருக்கும் ஒரு சேவ் உண்டு. ஏழாவது இன்னிங்ஸில் ஒரே ஓட்டம் முன்னிலை, மூன்று தளங்களிலும் ஆள் நிற்கிறார்கள் என்ற நிலையில் வந்து, எதிரணியின் தலைசிறந்த அடிப்பவரைத் திருப்பி அனுப்பியவருக்கு அது கிடையாது. கிரிக்கெட்டில் இருபதாவது ஓவரை வீசியவரை மட்டும் கொண்டாடிவிட்டு, ஆட்டத்தைத் திருப்பிய பதினேழாவது ஓவரை மறந்துபோவதற்கு இது ஒப்பானது.

பாஸ்டனின் குளோசர் அரோல்டிஸ் சாப்மேன் 2025இல் 32 சேவ்களும் 1.17 ஈ.ஆர்.ஏ.வும் (கொடுத்த ஓட்டங்களின் சராசரி, குறைந்தால் நல்லது) எடுத்தார். அதை மட்டும் பார்த்தால் அந்தப் புல்பென்னுக்குக் குறையே இல்லை. பிளேஆஃப்பில் நியூயார்க் யாங்கீஸுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் தொடக்கப் பிட்சர் கேரட் குரோஷே 117 பந்துகள் எறிந்து எட்டாவது இன்னிங்ஸில் இரண்டு பேரை வீழ்த்தும் வரை தாக்குப்பிடித்தார். மிச்சமிருந்த நான்கு அவுட்டுகளைச் சாப்மேன் எடுத்தார். ஒன்பதாவது இன்னிங்ஸில் ஒருவரைக்கூட வீழ்த்தாமல் மூன்று தளங்களையும் நிரப்பிக்கொண்டு, பிறகு ஓட்டமே கொடுக்காமல் தப்பினார் என்பது வேறு கதை. பாஸ்டன் 3-1 என வென்ற அந்த ஆட்டத்தில் புல்பென்னின் ஆழம் சோதிக்கப்படவே இல்லை, ஏனெனில் இரண்டே பேர்தான் எறிந்தார்கள். மறுநாள் தொடக்கப் பிட்சர் பிரையன் பெயோ மூன்றாவது இன்னிங்ஸிலேயே வெளியே எடுக்கப்பட்டார். அதன் பிறகு ரிலீவர்கள் வரிசையாக வந்தார்கள். அன்று மொத்தம் நாற்பதுக்கும் மேற்பட்ட பந்துகள் எறிந்த கேரட் விட்லாக், எட்டாவது இன்னிங்ஸில் இரண்டு பேரை வீழ்த்திய பிறகு ஒரு வாக் (நான்கு தவறான பந்துகளால் அடிப்பவருக்கு இலவசமாகக் கிடைக்கும் முதல் தளம்) கொடுத்தார், அடுத்த ஆட்டக்காரர் ஆஸ்டின் வெல்ஸ் முதல் தளம் வரை போகும் ஒரு சிங்கிள் அடித்தார், ஆட்டம் 4-3 என யாங்கீஸ் பக்கம் போனது. முன்னிலை கிடைத்தால் எறிவதற்காகக் காத்திருந்த சாப்மேன் அன்று களத்துக்கே வரவில்லை. ஆழம் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் முதல் நாள் ஆட்டத்தைவிட இரண்டாம் நாள் ஆட்டத்தைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது ஈ.ஆர்.ஏ.வை அப்படியே நம்புவது. ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ஓட்டம் என்று காட்டும் அந்த எண், 180 இன்னிங்ஸ் எறியும் தொடக்கப் பிட்சருக்கு ஓரளவு நியாயம் செய்கிறது. ரிலீவர் ஒருவர் ஆண்டு முழுக்க எறிவது சுமார் 60 இன்னிங்ஸ்தான். அந்த 60 இன்னிங்ஸில் அவர் 20 ஓட்டங்கள் கொடுத்தால் ஈ.ஆர்.ஏ. 3.00. அந்த இருபதில் ஐந்து ஓட்டங்கள், ஒரே ஒருவரை மட்டும் வீழ்த்திய ஒரு மோசமான மாலையில் போயிருந்தால், அந்த ஒரு நாளைக் கழித்துவிட்டு மற்ற நாட்களைக் கணக்கிட்டால் 2.26 வரும். இரண்டு எண்களுக்கும் உரியவர் ஒரே ஆள்தான். ஆனால் பருவ இடைவேளையில் முதல் எண்ணை வைத்துக் கழித்துவிடப்படுபவரும், இரண்டாவது எண்ணை வைத்து வாங்கப்படுபவரும் வேறு வேறு ஆட்கள் போலத் தோன்றுவார்கள்.

இதற்குள் இன்னொரு வஞ்சனையும் ஒளிந்திருக்கிறது. முந்தைய பிட்சர் தளங்களில் விட்டுச்சென்ற ஆட்கள் ஓடி வந்தால், அந்த ஓட்டங்கள் விட்டுச்சென்றவர் கணக்கில்தான் சேரும். மூன்று தளங்களும் நிரம்பியிருக்கும்போது உள்ளே வந்து, ஒரு டபுளை (இரண்டாவது தளம் வரை போகும் அடியை) கொடுத்து மூன்று பேரையும் ஓடவிட்டு, அடுத்தவரை வீழ்த்தி இன்னிங்ஸை முடித்த ரிலீவருக்கு அன்றைய ஈ.ஆர்.ஏ. சுத்தமான பூஜ்யம். ஆகவே, வந்தபோது தளங்களில் எத்தனை பேர் இருந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் ஓட்டமெடுத்தார்கள் என்பதையும், எத்தனை ஸ்டிரைக்அவுட் (மூன்று ஸ்டிரைக்குகளால் அடிப்பவரை வீழ்த்துவது), எத்தனை வாக் என்பதையும் சேர்த்துப் பார்க்காமல் தீர்ப்பெழுதுவது கூடாது. சாப்மேனையே எடுத்துக்கொள்வோம். 2024இல் பிட்ஸ்பர்க் அணிக்காகச் சுமார் 61 இன்னிங்ஸில் 98 ஸ்டிரைக்அவுட், 39 வாக், ஈ.ஆர்.ஏ. 3.79. அடுத்த ஆண்டு பாஸ்டனில் ஏறத்தாழ அதே அளவு எறிந்து 85 ஸ்டிரைக்அவுட், 15 வாக். ஸ்டிரைக்அவுட் குறைந்தது, 37 வயதில் அவரை மாற்றியது பாதிக்கும் கீழே இறங்கிய அந்த வாக் எண்ணிக்கைதான்.

வேகத்தைக் கண்டு மயங்குவதும் இந்தத் தவறின் ஒன்றுவிட்ட தம்பிதான். மணிக்கு 100 மைலைத் தாண்டி எறியக்கூடிய ஜோர்டன் ஹிக்ஸ், சான் பிரான்சிஸ்கோவில் தொடக்கப் பிட்சராக முயன்று பார்க்கப்பட்டு, 2025 நடுவில் பாஸ்டனின் புல்பென்னுக்கு வந்தார். தொடக்கப் பிட்சராகச் சரிவராதவர் ஓர் இன்னிங்ஸ் மட்டும் எறிந்தால் மின்னுவார் என்பது பல நேரங்களில் உண்மை, விட்லாக்கே அதற்குச் சாட்சி. ஹிக்ஸுக்கு அங்கே வந்த ஈ.ஆர்.ஏ. எட்டுக்கும் மேலே.

இனி, பெயர்களை எண்ணுவது. எட்டு ரிலீவர்களின் பெயரை எழுதி, நல்லவர்கள் ஆறு பேர் என்று கூட்டிக்காட்டுவது ஆழத்தை அளப்பதாகாது. அணிக்கு 26 இடங்கள், அவற்றில் பிட்சர்கள் அதிகபட்சம் 13 பேர். நேற்றும் அதற்கு முந்தைய நாளும் எறிந்தவர்கள் இன்று பெரும்பாலும் கிடைக்க மாட்டார்கள். ஆகையால் ஒரு புதன்கிழமை இரவு மேனேஜரின் கையில் உண்மையில் இருப்பது நான்கோ ஐந்தோ பேர்தான். அந்த நிலையில், கீழ்நிலைப் போட்டிகளான மைனர் லீகுக்கு இறக்கி, அங்கிருந்து புதிய கையைக் கொண்டுவர முடிகிற பிட்சர்கள் எத்தனை பேர் என்ற கேள்வி, குளோசர் யார் என்ற கேள்வியைவிட முக்கியமாகிவிடுகிறது. இதைத்தான் ‘ஆப்ஷன்’ என்கிறார்கள். ஒருவரைப் பொதுவாக மூன்று பருவங்களில் மட்டுமே இப்படி இறக்க முடியும். 2022 முதல், ஒரே பருவத்தில் ஐந்து முறைக்கு மேல் இறக்கவும் கூடாது. இறக்கப்பட்ட பிட்சர், காயம்பட்ட ஒருவருக்கு மாற்றாக வந்தாலொழிய 15 நாட்களுக்குத் திரும்பி வர முடியாது. ஐந்து ஆண்டுகள் மேஜர் லீகில் ஆடியவர் சம்மதிக்காமல் இறக்கவே முடியாது. அதனால், ஆப்ஷன் தீர்ந்துபோன எட்டு நல்ல பிட்சர்களைவிட, ஆப்ஷன் மிச்சமிருக்கும் மூன்று சுமாரான கைகளும் ஐந்து நல்ல கைகளும் கலந்த புல்பென் ஆகஸ்ட் மாதத்தில் நன்றாக மூச்சுவிடும். கேட்கச் சுவாரசியமில்லாத விஷயம், ஆனால் 162 ஆட்டங்களின் பாரத்தைத் தாங்குவது இதுதான்.

இடது கைப் பிட்சர்களை எண்ணும் பழக்கத்தையும் சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டும். 2020 முதல், உள்ளே வரும் பிட்சர் குறைந்தது மூன்று பேரை எதிர்கொள்ள வேண்டும் அல்லது அந்த இன்னிங்ஸை முடிக்க வேண்டும். ஓர் இடது கை ஆட்டக்காரருக்காக மட்டும் வந்து போகும் சிறப்புக் கை இப்போது ஆடம்பரம். வலது கைக்காரர்களிடமும் தாக்குப்பிடிப்பவராக இருந்தால்தான் அவரைக் கணக்கில் சேர்க்கலாம்.

காயத்தை விதிவிலக்காகக் கருதுவதும் தவறு, ரிலீவர்களிடையே அதுதான் விதி. பாஸ்டன் 2024 பிப்ரவரியில் லியம் ஹென்ட்ரிக்ஸை இரண்டாண்டுகளுக்கு ஒரு கோடி டாலருக்கு எடுத்தது. முழங்கை அறுவைச் சிகிச்சையிலிருந்து தேறிக்கொண்டிருந்த அவர் முதலாண்டில் மேஜர் லீகில் ஒரு பந்துகூட எறியவில்லை, இரண்டாமாண்டிலும் சொற்ப ஆட்டங்களே கிடைத்தன. அப்போது நியூயார்க் மெட்ஸில் இருந்த குளோசர் எட்வின் டியாஸ் 2023 மார்ச்சில், உலக பேஸ்பால் கிளாசிக்கில் போர்ட்டோ ரிக்கோவின் வெற்றியைக் கொண்டாடிக் குதித்தபோது முழங்கால் தசைநாண் அறுந்து, அந்தப் பருவம் முழுவதையும் இழந்தார். எறிந்துகூட அல்ல, கொண்டாடி.

ஏறத்தாழ அதே தசைநாண்தான் பாஸ்டனின் முதல் தளத்தையும் கவிழ்த்தது. 2023இல் 24 ஹோம் ரன்கள் அடித்து, அமெரிக்கன் லீகின் சிறந்த புதுமுகத்துக்கான வாக்கெடுப்பில் மூன்றாவதாக வந்த டிரிஸ்டன் காசாஸ், அடுத்த ஆண்டு விலா எலும்புப் பகுதிக் காயத்தால் பெரும்பாலான ஆட்டங்களைத் தவறவிட்டார். 2025 மே 2ஆம் தேதி முதல் தளத்தை நோக்கி ஓடும்போது இடது முழங்காலில் அடிபட்டு விழுந்தார். அடுத்த பத்தாண்டுக்கு அந்த இடத்தைப் பற்றிக் கவலையில்லை என்று எழுதியவர்கள் அன்று இரவே வேறு பட்டியல் தேட வேண்டியதாயிற்று. ஒரே ஓர் இளைஞரை வைத்து ஓர் இடத்துக்கு ‘தீர்ந்தது’ என்று முத்திரை குத்துவது இப்படித்தான் முடியும்.

முதல் தளத்தைப் பற்றிய ஆகப் பழைய பிழை, அங்கே யார் வேண்டுமானாலும் நிற்கலாம் என்பது. ரஃபேல் டெவர்ஸ் விவகாரம் அதன் விலையைக் காட்டியது. 2023 ஜனவரியில் பத்தாண்டுகளுக்கு 31 கோடியே 35 லட்சம் டாலருக்கு ஒப்பந்தமான அவர், அலெக்ஸ் பிரெக்மனின் வருகையால் மூன்றாவது தளத்தை இழந்து, களத்தில் இறங்காமல் அடிக்க மட்டும் செய்யும் இடத்துக்கு மாற்றப்பட்டிருந்தார். காசாஸ் விழுந்ததும் முதல் தளத்துக்கு வரும்படி அணி கேட்டது. கையுறையை எடுத்துவைக்கச் சொன்னவர்களே இப்போது திரும்ப மாட்டச் சொல்வதா என்று அவர் வெளிப்படையாகவே மறுத்தார். ஜூன் 15ஆம் தேதி அவர் சான் பிரான்சிஸ்கோவுக்கு மாற்றப்பட்டார், அங்கே போய் முதல் தளத்திலேயே ஆடவும் செய்தார். என் பார்வையில் இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. ஆனால் ‘வீட்டிலேயே ஆள் இருக்கிறார்’ என்று மாற்று வீரர்களை எழுதிக்கொள்ளும் நாம், அந்த ஆளிடம் கேட்டோமா, அவர் அங்கே பயிற்சி எடுத்திருக்கிறாரா என்று பார்ப்பதே இல்லை. இரண்டாவது தளத்து இளைஞர் கிறிஸ்டியன் கேம்ப்பெலும் ஆட்டங்களுக்கு முன்னால் முதல் தளத்தில் பயிற்சி எடுத்தார். அதற்குள் அவர் அடிப்பது தடுமாறியதால் மைனர் லீகுக்கு அனுப்பப்பட்டார்.

காசாஸின் இடத்தில் ஏப்ரஹாம் டோரோவும் ரோமி கொன்சாலஸும் பங்கிட்டு ஆடியதை மலிவான தீர்வு என்று பாராட்டியவர்கள் உண்டு. கொன்சாலஸ் இடது கைப் பிட்சர்களை நன்றாகவே அடித்தார். ஆனால் பிட்சர்களுக்கு 13 இடங்கள் போனால் அடிப்பவர்களுக்கு மிஞ்சுவது 13. தொடக்க வரிசையில் ஒன்பது பேர், மாற்றுக் கேட்சர் (அடிப்பவருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவர்) ஒருவர் போக மூன்றே இடங்கள். முதல் தளத்துக்கு இரண்டு பேரை வைத்தால் அந்த மூன்றில் ஒன்று தீர்ந்தது. புல்பென்னும் முதல் தளமும் ஒன்றையொன்று பாதிப்பது இந்த இடத்தில்தான், இரண்டையும் தனித்தனித் தாளில் எழுதுபவர்களுக்கு இது கண்ணில் படாது. ஜூலை இறுதியில் பாஸ்டன், மைனர் லீகில் முதல் தளத்திலும் மூன்றாவது தளத்திலும் ஆடிவந்த பிளேஸ் ஜோர்டனைச் செயின்ட் லூயிஸுக்குக் கொடுத்து, இடது கை ரிலீவர் ஸ்டீவன் மாட்ஸை வாங்கியது. இன்றைய புல்பென்னுக்காக நாளைய முதல் தளத்தில் ஒரு பங்கை விற்றது என்று அதைப் படிக்கலாம்.

அந்தப் பங்கின் மதிப்பை மிகைப்படுத்தவும் கூடாது. இரண்டாவது, மூன்றாவது தளங்களுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் ஒருவர் சுமாராக அடித்தாலும் தடுப்பாட்டம் அவரைக் காப்பாற்றும். முதல் தளத்துக்கு மட்டும் உரிய இளைஞர் மட்டையால் மட்டுமே பிழைக்க வேண்டும். அதனால் அவரது மைனர் லீக் ஹோம் ரன் எண்ணிக்கையை, அந்த லீகில் அவர் வயதில் மூத்தவரா இளையவரா, எத்தனை வாக் எடுக்கிறார் என்பதோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

மறுமுனையில், நிரூபிக்கப்பட்ட முதல் தள நட்சத்திரத்தை நீண்டகாலத்துக்குக் கட்டிப்போடுவது. பிலடெல்ஃபியா 2010 ஏப்ரலில், ரயன் ஹோவர்டின் அப்போதைய ஒப்பந்தம் முடிய இரண்டு பருவங்கள் இருக்கும்போதே, 2012 முதல் 2016 வரைக்கும் 12 கோடியே 50 லட்சம் டாலரை எழுதிக்கொடுத்தது. 2011 பிளேஆஃப்பில் அணியின் கடைசி அவுட்டாக ஓடும்போது அவரது குதிகால் நாண் அறுந்தது. புதிய ஒப்பந்தத்தின் முதல் நாள் அப்போது இன்னும் வந்திருக்கவில்லை. வயது முப்பதைத் தாண்டியவரின் கடந்த ஐந்தாண்டுக்கு அடுத்த ஐந்தாண்டின் விலையைக் கொடுத்த கதை இது. இதற்கு மாறாக, 2022 மார்ச்சில் ஃபிரெடி ஃபிரீமன் கைநழுவும் நிலையில் அட்லாண்டா நான்கு இளைஞர்களைக் கொடுத்து, 27 வயதுதான் நிறைந்திருந்த மேட் ஓல்சனை வாங்கி, மறுநாளே எட்டாண்டுக்கு ஒப்பந்தம் செய்தது. அடுத்த ஆண்டு அவர் 54 ஹோம் ரன்கள் அடித்தார். நட்சத்திரம் வேண்டாம் என்பதல்ல, எந்த வயதிலிருந்து எந்த வயது வரை என்று பார்த்து வாங்க வேண்டும்.

பாஸ்டன் அந்தப் பருவத்தின் கடைசி வாரங்களுக்கு நத்தானியல் லோவைக் கொண்டுவந்தது. வாஷிங்டன் அணி விடுவித்திருந்த அவர், 2023இல் டெக்சஸுக்காக இதே முதல் தளத்தில், சிறந்த தடுப்பாட்டத்துக்கான கோல்டு கிளவ் விருதை வென்றவர். யாங்கீஸுக்கு எதிரான மூன்றாவது ஆட்டத்தின் நான்காவது இன்னிங்ஸில், தளங்களில் ஆட்கள் நிற்க, முந்தைய இரவின் அதே ஆஸ்டின் வெல்ஸ் ஒரு தரைப்பந்தை அவரை நோக்கி வலுவாக அடித்தார். லோ குறுக்கே கையை நீட்டினார், பந்து பிடிபடவில்லை, இரண்டு பேர் ஓடி வந்தார்கள். ஆட்டம் 4-0 என யாங்கீஸின் வெற்றியில் முடிந்தது, அந்த நான்கும் அந்த ஒரே இன்னிங்ஸில் வந்தவை. டிசம்பரில் பாஸ்டன், ஓராண்டுக்கு முன்புவரை கேட்சராக இருந்த வில்சன் கான்ட்ரெராஸைச் செயின்ட் லூயிஸிடமிருந்து முதல் தளத்துக்காக வாங்கியது. கொடுத்தவர்களில் ஹன்டர் டாபின்ஸ் என்ற பிட்சரும் ஒருவர்.