டி டிரைவ்ல இருக்கு, பயமில்லையா? விண்டோஸ் 11-க்கு மாறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. அதிலிருந்து ஆளாளுக்கு ஒரு சிபியு-வைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். "அண்ணே, லெவன் போட்டுக் குடுங்க" என்று வருபவர்களால் தொல்லை இல்லை. "நானே போட்டேன், ஏதோ ஆயிடுச்சு" என்று வருபவர்கள்தான் என் ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்கிறார்கள். புதிதாக ஓஎஸ் போடப் பழகும் பையன்கள், இந்தத் தொழிலில் உள்ள நாங்கள் எல்லாம் ஒரு காலத்தில் அடித்த அதே கூத்தைத்தான் அடிக்கிறார்கள். வீடியோ பார்த்துச் செய்வதால் இன்னும் வேகமாக அடிக்கிறார்கள், அவ்வளவுதான்.

சார்ஜரைச் செருகி வையுங்கள், பாதியில் ஆஃப் செய்யாதீர்கள், இடம் இருக்கிறதா பாருங்கள் என்பதெல்லாம் இங்கே இல்லை. அதுகூடத் தெரியாதவர் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

"ஏற்காது" என்றதும் புது மெஷின் வாங்கக் கிளம்புவது

விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 (சாவிகளைக் காக்கும் பாதுகாப்பு வசதி), செக்யூர் பூட் வசதியுள்ள யூஇஎஃப்ஐ பயாஸ் (மெஷினை முதலில் எழுப்பும் மென்பொருளின் புது வகை), 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம் வேண்டும். பிராசஸர் பொதுவாக இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை, ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை அல்லது அதற்குப் பின் வந்ததாக இருக்க வேண்டும். சோதித்துப் பார்க்கும் செயலி 'இந்தக் கணினி தகுதியற்றது' என்று சொன்னதும் பலர் கடைக்கு ஓடுகிறார்கள். கடைக்காரரும் அதை மறுத்துச் சொல்வதில்லை.

2018-க்குப் பிறகு வாங்கிய மெஷின்களில் பெரும்பாலும் டிபிஎம் உள்ளேயே இருக்கும், பயாஸில் அணைத்து வைத்திருப்பார்கள். குறிப்பாக அசெம்பிள் செய்த டெஸ்க்டாப்களில். இன்டெல் போர்டில் 'பிடிடி' என்றும், ஏஎம்டி போர்டில் 'எஃப்டிபிஎம்' என்றும் பெயர் இருக்கும். அதை எனேபிள் செய்துவிட்டு மறுபடி சோதியுங்கள். ஆனால் பயாஸில் கை வைக்குமுன் கீழே பிட்லாக்கர் பற்றிச் சொல்லியிருப்பதைப் படித்துவிடுங்கள்.

உண்மையிலேயே பழைய மெஷின் என்றால், விண்டோஸ் 10-லேயே 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்களைப் பெறும் திட்டம் ஒன்றை வீட்டுப் பயனர்களுக்காக அறிவித்திருக்கிறார்கள். செட்டிங்ஸில் அப்டேட் பக்கத்திலேயே பதிவு செய்துகொள்ளலாம்.

திருட்டு ஆக்டிவேட்டர்

வேண்டாம். ஒழுங்காக ஆக்டிவேட் ஆன 10 இருந்தால் 11 இலவசம்.

டி டிரைவை நம்புவது

இதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

நம் ஊரில் கம்ப்யூட்டர் வாங்கினால் முதல் வேலை ஹார்ட் டிஸ்க்கை சி, டி, இ என்று பிரிப்பது. சி-யில் விண்டோஸ், டி-யில் போட்டோ, இ-யில் சினிமா. "முக்கியமானதை டி-ல வை, ஃபார்மட் அடிச்சாலும் போகாது" என்பது எக்ஸ்பி காலத்திலிருந்து கேட்டு வரும் வாக்கு. அன்றைக்கு அது சரிதான். வைரஸ் வந்தால் சி-யை மட்டும் அடித்துப் புதிதாக விண்டோஸ் போடுவோம், டி அப்படியே இருக்கும். அந்த அனுபவத்தால் டி டிரைவுக்கே ஒரு புனிதம் வந்துவிட்டது. பேக்கப் இருக்கிறதா என்று கேட்டால், "டி-ல இருக்கு" என்று பதில் சொல்கிறார்கள். சி-யும் டி-யும் ஒரே பீரோவின் இரண்டு தட்டுகள். பீரோவே போனால் எந்தத் தட்டில் வைத்திருந்தால் என்ன?

விண்டோஸ் 11-க்கு மாறும்போது அந்தப் பீரோவையே உடைக்கச் சொல்லும் ஒரு கட்டம் வருகிறது.

பக்கத்து ஊரில் டிடிபி கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று பல வருட டிசைன்கள் எல்லாம் டி டிரைவில். அக்கா மகன் கல்லூரியில் படிப்பவன், கெட்டிக்காரன். "மாமா, சி-யை மட்டும்தான் அடிப்பேன், டி பக்கமே போக மாட்டேன்" என்று சொல்லித்தான் ஆரம்பித்திருக்கிறான். பென் டிரைவிலிருந்து பூட் ஆகி, சி-யைத் தேர்ந்தெடுத்தால், இந்த டிஸ்க்கில் விண்டோஸ் போட முடியாது, இதில் எம்பிஆர் பார்ட்டிஷன் அட்டவணை இருக்கிறது என்று மறுத்துவிட்டது. அவன் போனை எடுத்துத் தேடினான். கிடைத்த முதல் வீடியோ, ஷிஃப்ட்டையும் எஃப்10-ஐயும் சேர்த்து அழுத்தச் சொன்னது. கறுப்புத் திரை வந்தது. டிஸ்க்பார்ட் என்ற டிஸ்க் பிரிக்கும் கருவி. செலக்ட் டிஸ்க் 0. கிளீன். கன்வெர்ட் ஜிபிடி.

அந்தக் 'கிளீன்' என்ற ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லைக் கவனியுங்கள். விண்டோஸில் ஒரு சின்னப் படத்தை நிரந்தரமாக அழித்தால்கூட 'நிச்சயமாகவா?' என்று கேட்கும். டிஸ்க்பார்ட் கேட்காது. என்டர் தட்டினால், டிஸ்க்கைச் சுத்தம் செய்தாகிவிட்டது என்று ஒரே ஒரு வரி. கீழே கர்சர் மின்னிக்கொண்டிருக்கும். சி, டி, இ மூன்றும் போய், 465 ஜிபி மொத்தமும் ஒதுக்கப்படாத இடமாக நிற்கும். பையனுக்கு அது புரிந்தபோது அவன் செய்ததுதான் எனக்கு இன்னும் எரிச்சல். அதே அளவில் மறுபடி சி, டி, இ என்று பிரித்து, ஃபார்மட் செய்து, விண்டோஸையும் போட்டு முடித்துவிட்டு, டி காலியாக இருப்பதைப் பார்த்தபின் எனக்கு போன் செய்தான்.

அந்தச் செய்தி ஏன் வந்தது? பழைய மெஷின்களில் விண்டோஸை 'லெகஸி' முறையில் போட்டிருப்பார்கள். அதில் டிஸ்க்கின் தொடக்கத்தில் எம்பிஆர் என்ற பழைய வகை அட்டவணை இருக்கும். பென் டிரைவை யூஇஎஃப்ஐ முறையில் பூட் செய்தால், ஜிபிடி என்ற புது வகை அட்டவணை இருந்தால்தான் விண்டோஸ் உட்காரும். ஆகவே அட்டவணையை மாற்ற வேண்டும். அதற்காக டிஸ்க்கைத் துடைக்க வேண்டியதே இல்லை. 2017-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்தே, ஃபைல்களைத் தொடாமல் இதை மாற்றித்தரும் 'எம்பிஆர்2ஜிபிடி' என்ற கருவி உள்ளேயே இருக்கிறது. வீடியோக்காரர்கள் பலர் அதைச் சொல்வதில்லை. 'கிளீன்' அடித்தால் வீடியோ சீக்கிரம் முடிந்துவிடும்.

கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, அந்தக் கருவியை முதலில் 'வேலிடேட்' என்ற சொல்லோடு ஓட்டுங்கள். அது சோதனை மட்டும்தான் செய்யும். ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள்ளிருந்தே செய்வதால் 'அல்லோஃபுல்ஓஎஸ்' என்பதையும் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் நகராது. சோதனை தேறினால் 'கன்வெர்ட்'. பிறகு பயாஸுக்குள் போய் லெகஸி அல்லது சிஎஸ்எம் என்று இருப்பதை யூஇஎஃப்ஐ என்று மாற்ற வேண்டும். இதைச் செய்யாமல் ரீஸ்டார்ட் செய்தால் மெஷின் பூட் ஆகாது. 'எல்லாம் போச்சு' என்று பயந்து, அங்கிருந்து நேராக 'கிளீன்' அடிக்கப் போனவர்களும் உண்டு.

நம்மூர் மெஷின்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. டிஸ்க்கில் அதிகபட்சம் மூன்று பிரைமரி பார்ட்டிஷன்தான் இருக்கலாம், லாஜிக்கல் (ஒரு பெரிய பார்ட்டிஷனுக்குள் வெட்டிய உள் பார்ட்டிஷன்) எதுவும் இருக்கவே கூடாது என்பது அந்தக் கருவியின் நிபந்தனை. நாம் டி, இ, எஃப் என்று வெட்டி வைத்ததில் பல லாஜிக்கல்தான். டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து பாருங்கள். பச்சைக் கட்டத்துக்குள் அடைபட்டிருப்பவை லாஜிக்கல். அப்படி இருந்தால் வேலிடேட் தேறாது. வேறு வழியில்லை, அவற்றில் உள்ளதை வெளியே எடுத்துத்தான் ஆக வேண்டும்.

வெளியே என்றால் வேறொரு டிஸ்க். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்து, அதை *வேறொரு மெஷினில்* செருகி, நாலு ஃபைலைத் திறந்து பாருங்கள். பிறகு கழற்றி வையுங்கள். விண்டோஸ் போடும் நேரத்தில் அது செருகியே இருந்தால் டிஸ்க் 0 எது, டிஸ்க் 1 எது என்று குழம்பி, பேக்கப் எடுத்த டிஸ்க்கையே துடைத்தவர்கள் இருக்கிறார்கள். இரண்டு டிஸ்க் இருந்தால் பூட் ஃபைலை விண்டோஸ் மற்ற டிஸ்க்கில் கொண்டுபோய் வைப்பதும் நடக்கும்.

டிடிபி கடைக் கதை எப்படி முடிந்தது? அது பழைய ஹார்ட் டிஸ்க். 'கிளீன்' அட்டவணையை மட்டுமே அழிக்கும், ஃபைல்கள் தட்டில் அப்படியே கிடக்கும். அந்த நிமிடமே கரன்ட்டை நிறுத்தி, டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டியிருந்தால், டெஸ்ட்டிஸ்க் என்ற இலவசக் கருவியால் பழைய பார்ட்டிஷன்களை அநேகமாக அப்படியே எழுப்பியிருக்கலாம். பையன்தான் அவசரப்பட்டு மேலே எல்லாவற்றையும் எழுதிவிட்டானே. ஃபோட்டோரெக் என்ற மீட்புக் கருவியைக் கொண்டு அள்ளியதில் படங்கள் பெருமளவு வந்தன, பெயர் இல்லாமல். 'முருகேசன் வீட்டுக் கல்யாணம்' என்று இருந்த ஃபைல் வெறும் எண்ணாக வந்து நின்றது. கோரல்டிரா ஃபைல்களில் பல பாதிதான் திறந்தன. ஐப்பசி முகூர்த்தத்துக்குப் பத்திரிகை கேட்டு ஆட்கள் கடை வாசலில் நின்றுகொண்டிருக்க, பெரியவர் என்னிடம், "தம்பி, டி-ல தானே வச்சிருந்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எஸ்எஸ்டியாக இருந்திருந்தால் இதுகூடக் கிடைத்திருக்காது. எஸ்எஸ்டியை ஃபார்மட் செய்ததுமே, இந்த இடமெல்லாம் இனி வேண்டாம் என்று விண்டோஸ் அதற்கு 'டிரிம்' கட்டளை அனுப்பிவிடும். அதன்பின் எந்தக் கடைக்குக் கொண்டுபோனாலும் கை விரிப்பார்கள்.

இன்னொன்று. ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் 10-லிருந்து மாற பென் டிரைவில் பூட் செய்யவே தேவையில்லை. விண்டோஸ் 11-இன் ஐஎஸ்ஓ ஃபைலை (முழு விண்டோஸும் அடங்கிய ஒற்றை ஃபைல்) டபுள் கிளிக் செய்து, உள்ளே செட்டப்பை ஓட்டி, ஃபைல்களும் ஆப்களும் அப்படியே இருக்கட்டும் என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். 'ஃபிரெஷ்ஷா அடிச்சாத்தான் ஸ்பீடா இருக்கும்' என்ற மோகத்தை விட்டால் பாதி விபத்து குறையும்.

48 இலக்கச் சாவி யாரிடம் இருக்கிறது?

புதிய விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் கணக்கோடு போட்டால், பல மெஷின்களில் பிட்லாக்கர் என்ற பூட்டு வசதியால் டிஸ்க் தானாகவே பூட்டிக்கொள்கிறது. 24எச்2 பதிப்பிலிருந்து இது இன்னும் அதிகம். பிறகு ஒருநாள் பயாஸில் எதையாவது மாற்றினால், நீலத்திரை வந்து 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்கும். அந்தக் கீ அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும்.

எந்தக் கணக்கு? இங்கேதான் தலைவலி. லேப்டாப் வாங்கிய அன்று கடைப் பையன் வாயில் வந்த பெயரில் ஒரு மெயில் ஐடி உருவாக்கி உள்ளே போயிருப்பான். பாஸ்வேர்டு அவனுக்கே நினைவிருக்காது. ஆகவே இன்றைக்கே செட்டிங்ஸில் எந்தக் கணக்கு என்று பாருங்கள். கீயை எடுத்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். அந்தக் கீயை அதே லேப்டாப்பின் டெஸ்க்டாப்பில் நோட்பேடில் சேமித்து வைத்திருந்தவரை எனக்குத் தெரியும்.

ஒன்டிரைவ் பேக்கப் எடுத்திருக்கும் என்று நம்புவது

இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபி. உங்கள் கல்யாண வீடியோ அதில் அடங்காது.

எழுத்துருக்களை மறப்பது

தமிழில் வேலை செய்பவர்கள் மட்டும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த ஃபைல் என்றால், புது விண்டோஸில் 'அம்மா' என்று இருந்த இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கிலக் கிறுக்கல் நிற்கும். ஃபைல் கெட்டுப்போகவில்லை. எழுத்துருவைப் போட்டால் சரியாகிவிடும். ஆனால் அது எந்த எழுத்துரு என்று தெரிய வேண்டுமே! பழைய மெஷினிலேயே பெயர்களைக் குறித்துக்கொண்டு நகல் எடுத்துவிடுங்கள். விண்டோஸுக்குள் உள்ள ஃபான்ட்ஸ் ஃபோல்டரை மட்டும் எடுத்தால் போதாது. 2018-க்குப் பின் வந்த விண்டோஸ் 10-இல் சாதாரணமாக இன்ஸ்டால் செய்த எழுத்துருக்கள், பயனரின் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் தனியே ஒளிந்திருக்கும்.

பழைய பிரிண்டர்

11-இல் 32 பிட் கிடையாது. உங்கள் 10 அந்த வகை என்றால், 64 பிட் டிரைவர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

மறுநாளே டிஸ்க் கிளீனப் ஓட்டுவது

பழைய விண்டோஸின் மேலேயே 11-ஐப் போட்டவர்களுக்கு, பழையது 'விண்டோஸ்.ஓல்ட்' என்ற ஃபோல்டரில் 10 நாள் இருக்கும். பிடிக்கவில்லை என்றால் அதற்குள் செட்டிங்ஸ் வழியே 10-க்கே திரும்பிப் போய்விடலாம். பையன்கள் மறுநாளே 'என்ன இது, இவ்வளவு இடத்தைத் தின்கிறது' என்று அதைத் துடைத்துவிடுகிறார்கள்.

அந்தப் பத்து நாளில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்காமல், தினமும் தொடாத வேலைகளைச் செய்து பாருங்கள். டேலி திறக்கிறதா, போன வருடக் கணக்கு தெரிகிறதா, டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை ஜிஎஸ்டி தளம் ஏற்கிறதா, ஸ்கேனர் ஓடுகிறதா. மாதக் கடைசியில்தான் ரிட்டர்ன் போடுவோம் என்பவர்கள், பத்து நாள் போதாது என்றால் விண்டோஸிலேயே உள்ள டிஐஎஸ்எம் என்ற கருவியின் கட்டளை மூலம் அதை 60 நாள் வரை நீட்டிக்கொள்ளலாம். நீட்டுவதைப் பத்து நாள் முடிவதற்குள் செய்ய வேண்டும். பதினோராம் நாள் வந்து கேட்டால் என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது.