தோள்பட்டை மாற்று அறுவை: வலிக்கு எது, எப்போது?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கமிருந்து மதுரைக்குப் போய்த் தோள்மூட்டு மாற்றிக்கொள்ளும் ஆச்சிமார் வீட்டுக்காரர்களுக்கு இந்தக் குறிப்பு.

கழுத்தோரம் போடும் நரம்பு மரப்பு ஊசிதான் முதல் நாள் வலிக்கு மிக நல்ல வழி. ஆனால் ஒரு தடவை போடும் ஊசி பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தெளிந்துவிடும். தெளியும்போது வலி சட்டென்று ஏறும், அதுவும் நடுராத்திரி என்றால் பெரும்பாடு. கை மரத்திருக்கும்போதே மாத்திரையைத் தொடங்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டு, நேரத்தை எழுதி வாங்குங்கள். அந்த நரம்பருகே மெல்லிய குழாய் வைத்து மரப்பு மருந்தைத் தொடர்ந்து செலுத்தினால் இரண்டு மூன்று நாள் தாங்கும். இந்த ஊசி மூச்சையும் சற்றுக் குறைக்கலாம். ஆஸ்துமா, நுரையீரல் நோய் உள்ளவர்கள் மயக்க மருத்துவரிடம் முன்பே சொல்லியே ஆக வேண்டும்.

பாராசிட்டமாலை வலி வந்தபின் விழுங்குவதைவிட, சொன்ன நேரப்படி எடுப்பதே பலன் தரும். சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண் இருந்தால் ஐபுரூஃபன் வகை வலி மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். டிரமடால் என்ற வலுவான வலி மாத்திரை, தாங்க முடியாத வலிக்கு மட்டும் போதும். தலைசுற்றல், மலச்சிக்கல் வரும்.

ஐஸை துணியில் சுற்றி 15, 20 நிமிடம் வையுங்கள். மரத்த தோலுக்குச் சூடோ குளிரோ தெரியாது, அடிக்கடி எடுத்துப் பாருங்கள்.

ஆத்தங்குடிக் கல் தரையில் பாய் விரித்துப் படுக்க வேண்டாம், எழும்போது கையை ஊன்ற நேரும். முகப்பில் கிடக்கும் சாய்வு நாற்காலியில், முழங்கைக்குக் கீழே தலையணை வைத்துச் சாய்ந்து தூங்கினால் தோள் இழுக்காது.