ஸ்பார்க் பிளக்கை மாற்றினால் மைலேஜ் கூடுமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரின் மைலேஜ் குறைந்துவிட்டதாகத் தோன்றியதும் பலருடைய கை முதலில் போவது ஸ்பார்க் பிளக்கின் மீதுதான். எஞ்சினின் மற்றப் பாகங்களோடு ஒப்பிட்டால் அதன் விலை குறைவு. கழற்றி மாட்டுவதும் எளிது. பெட்டியின் மேல் இரிடியம், பிளாட்டினம் என்ற பெயர்களோடு எரிபொருள் சிக்கனம் பற்றிய வாக்குறுதியும் அச்சிடப்பட்டிருக்கும். ஆனால், எஞ்சினுக்கு உரிய பிளக் நல்ல நிலையில் இருக்கும்போது அதை எடுத்துவிட்டு எவ்வளவு உயர்ந்த பிளக்கைப் பொருத்தினாலும், அளந்து காட்டக்கூடிய அளவுக்கு மைலேஜ் கூடுவதில்லை. தேய்ந்த பிளக்கை மாற்றும்போது மைலேஜ் ஏறுவது உண்மைதான். தேய்மானத்தால் இழந்தது அப்போது திரும்பக் கிடைக்கிறது, அவ்வளவே. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதிலிருந்தே பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

முதல் தவறு, தீப்பொறி வலுவாக இருந்தால் பெட்ரோல் இன்னும் முழுமையாக எரியும் என்று நம்புவது. ஒழுங்காக இயங்கும் எஞ்சினில், சிலிண்டருக்குள் செல்லும் பெட்ரோலில் சுமார் 95 முதல் 98 சதவீதம் வரை ஏற்கெனவே எரிந்துவிடுகிறது. எஞ்சியிருப்பது பிஸ்டன் வளையங்களை ஒட்டிய குறுகிய இடுக்குகளிலும் குளிர்ந்த சுவர்களை ஒட்டியும் ஒதுங்கி, சுடர் எட்டாமல் தப்பிக்கும் பெட்ரோல்-காற்றுக் கலவை. அங்கே எந்தப் பிளக்கின் பொறியும் போய்ச் சேராது. பொறியின் வேலை கலவையைப் பற்றவைப்பதோடு முடிந்துவிடுகிறது. பற்றிய பிறகு சுடர் எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதைக் கலவையின் விகிதம், அழுத்தம், சிலிண்டருக்குள் காற்று சுழலும் விதம் ஆகியவையே முடிவு செய்கின்றன. எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும் என்பதிலும் பிளக்குக்குப் பங்கில்லை. உள்ளே வரும் காற்றை அளந்து, ஆக்ஸிஜன் சென்சார் தரும் தகவலையும் பார்த்து, ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று என்ற விகிதத்தை ஒட்டி எஞ்சினின் கட்டுப்பாட்டுக் கணினியே அதைத் தீர்மானிக்கிறது.

நடு மின்முனையிலிருந்து பொறி தாவிச் சேரும் தரை மின்முனைகள் இரண்டு, மூன்று, நான்கு என்று வைத்த பிளக்குகளைப் பார்த்து, பொறியும் அத்தனை மடங்காகும் என்று எண்ணுவது இதே நம்பிக்கையின் இன்னொரு வடிவம். மின்சாரம் எந்த மின்முனைக்குத் தாவுவது அந்த நொடியில் எளிதோ அதற்கு மட்டுமே தாவும். ஒரு நேரத்தில் ஒரு பொறிதான். தேய்மானம் பல முனைகளுக்கும் பங்கிடப்படுவதால் ஆயுள் கூடலாம், ஆனால் மைலேஜுக்கு அதனோடு தொடர்பில்லை. தரை மின்முனையைப் பிளந்து இரண்டாக்கிய ஸ்பிளிட்ஃபயர் என்ற பிளக், எரிபொருளை மிச்சப்படுத்தும் என்று 1990களில் பெரிதாக விளம்பரம் செய்யப்பட்டது. அந்தக் கூற்றுகளுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் அந்த நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்தது.

உலோகத்தைப் பற்றிய தவறு இதைவிட நுட்பமானது, ஏனெனில் அதில் பாதி உண்மை இருக்கிறது. நிக்கல் சுமார் 1455 டிகிரி செல்சியஸிலும், பிளாட்டினம் சுமார் 1768 டிகிரியிலும், இரிடியம் சுமார் 2446 டிகிரியிலும் உருகும். நிக்கல் பிளக்கின் நடு மின்முனை 2.5 மில்லிமீட்டர் தடிமன் இருக்க, இரிடியம் முனையை 0.4 முதல் 0.7 மில்லிமீட்டர் வரை மெல்லியதாக வைக்க முடிவது இதனால்தான். முனை மெலிந்தால் பொறி குறைந்த மின்னழுத்தத்திலேயே தாவும். இப்போதுதான் பிறந்த சிறு சுடரின் சூட்டை உலோகம் உறிஞ்சுவதும் குறையும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போதும், வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போதும், டர்போ எஞ்சின்களிலும் இது உதவும். ஆனால் அந்த உதவி தேவைப்படும் எஞ்சினுக்கு அதைத் தயாரித்தவர்களே மெல்லிய முனைப் பிளக்கைப் பொருத்தித்தான் அனுப்புகிறார்கள். நிக்கல் பிளக்குக்காக வடிவமைத்த எஞ்சினில் இரிடியத்தைப் போட்டால் கிடைப்பது நீண்ட ஆயுள்: நிக்கல் 30,000 முதல் 50,000 கிலோமீட்டர் வரை தாங்கும் என்றால், இரிடியம் பொதுவாக 1,00,000 கிலோமீட்டர் அளவுக்குத் தாங்கும். பிளக்கை எட்டவே பாதி எஞ்சினைக் கழற்ற வேண்டியிருக்கும் கார்களில் அந்தக் காரணம் மட்டுமே போதுமானது என்பது என் கருத்து.

இனி அளவிடுவதில் நேரும் தவறு. பிளக்கை மாற்றிய மறுவாரம் மைலேஜ் கூடியதாகச் சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. அவர்கள் கண்ட எண்தான் நம்பத்தக்கதாக இல்லை. டேங்கை நிரப்பி, 450 கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி நிரப்பும்போது 30 லிட்டர் பிடித்தால் கணக்கு லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்று வரும். பம்பின் முனை சற்று முன்னதாகவே நின்று 29 லிட்டரோடு முடிந்தால், அதே பயணம் லிட்டருக்கு 15.5 கிலோமீட்டர் என்று காட்டும். ஒரு லிட்டர் கூடக்குறைய நிரம்பியதிலேயே மூன்று சதவீதத்துக்கு மேல் 'முன்னேற்றம்' வந்துவிடுகிறது. பிளக் மாற்றும் அன்றே எஞ்சின் ஆயிலும் மாறியிருக்கும், டயரில் காற்றும் சரிபார்க்கப்பட்டிருக்கும். புதுப் பிளக்குக்குப் பலன் தெரிகிறதா என்று பார்க்கும் ஆவலில் ஓட்டுநரின் கால் ஆக்ஸிலரேட்டரை மென்மையாகவே மிதிக்கும். உண்மையாகவே ஒப்பிட விரும்புபவர், வேறெதையும் மாற்றாமல், ஒரே வழித்தடத்தில், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் பல டேங்குகளின் மொத்தத் தூரத்தையும் மொத்த லிட்டரையும் எடுத்துக்கொண்டு கணக்கிட வேண்டும்.

பணத்தை மட்டும் வீணாக்கும் தவறுகள் இவை. எஞ்சினையே கெடுக்கக்கூடியது, வெப்ப எண்ணைப் பாராமல் வாங்குவது. 'சூடான' பிளக், 'குளிர்ந்த' பிளக் என்பவை பொறியின் சூட்டைக் குறிப்பவை அல்ல. நடு மின்முனையைச் சூழ்ந்த பீங்கானின் மூக்குப் பகுதி தன் வெப்பத்தை எவ்வளவு விரைவாக சிலிண்டர் தலைக்குக் கடத்திவிடுகிறது என்பதையே குறிக்கின்றன. அந்த மூக்கு சுமார் 500 டிகிரி செல்சியஸுக்குக் கீழேயே இருந்தால் படியும் கரி எரிந்து நீங்காது. 850 டிகிரியைக் கணிசமாகத் தாண்டினால் பொறி வருமுன்பே கலவை தானாகப் பற்றிக்கொண்டு பிஸ்டனைச் சேதப்படுத்தலாம். இதில் சிக்கல் என்னவென்றால், எண்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் எதிர்த்திசையில் ஓடுகின்றன. என்ஜிகே, டென்ஸோ பிளக்குகளில் எண் ஏற ஏறப் பிளக் குளிர்ந்தது. போஷ், சாம்பியன் பிளக்குகளில் எண் ஏற ஏறச் சூடானது. என்ஜிகேயின் பிகேஆர்6இ, பிகேஆர்5இயைவிட ஒரு படி குளிர்ந்தது. ஆகவே ஒரு நிறுவனத்தின் எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு இன்னொரு நிறுவனத்தின் பிளக்கை வாங்கலாகாது. அந்த எஞ்சினுக்கான பொருத்தப் பட்டியலையே பார்க்க வேண்டும். அந்தக் குறியீட்டில் உள்ள 'ஆர்' உள்ளே மின்தடை இருப்பதைக் காட்டுகிறது. மின்தடை இல்லாத பிளக் தரும் மின்னிரைச்சல் ரேடியோவை மட்டுமல்ல, கட்டுப்பாட்டுக் கணினியையும் குழப்பக்கூடும்.

மரையின் நீளமும் அப்படியே ஒத்திருக்க வேண்டும். நீண்ட மரை உள்ளே துருத்திப் பிஸ்டனிலோ வால்விலோ இடிக்கலாம்.

மின்முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை அகலமாக்கி வைத்தால் பொறி பெரிதாகும், மைலேஜ் ஏறும் என்று சொல்லும் மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். பெரும்பாலான கார்களில் இந்த இடைவெளி 0.7 முதல் 1.1 மில்லிமீட்டருக்குள் குறிப்பிடப்பட்டிருக்கும். அதை அகலமாக்கினால் பொறி தாவ அதிக மின்னழுத்தம் தேவைப்பட்டு, அந்த மின்னழுத்தத்தைத் தரும் இக்னிஷன் காயிலின் சுமை கூடும். வேகமெடுக்கும்போது சிலிண்டரின் அழுத்தம் உயர்கையில் பொறி விழாமலே போகலாம். இரிடியம் பிளக்கில் நாணயம் போன்ற வட்ட அளவியை நுழைத்து நெம்பினால் அந்த மெல்லிய முனை ஒடிந்துவிடும் என்பதால், கம்பி அளவியால் சரிபார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பொருத்தும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். கையாலேயே மரையைப் பிடிக்கவைத்து, பிறகு இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். அலுமினியத் தலையில் 14 மில்லிமீட்டர் மரைக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டரும், 12 மில்லிமீட்டர் மரைக்கு 15 முதல் 20 நியூட்டன் மீட்டரும் பொதுவான அளவுகள். மரையில் கிரீஸ் பூசினால் உராய்வு குறைந்து, ரெஞ்ச் காட்டும் அளவைவிடக் கூடுதலாகவே இறுகிவிடும். கீழே விழுந்த பிளக்கின் பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கலாம். அதைப் பயன்படுத்தக் கூடாது.

மறுபக்கத்தில், நன்றாகத்தானே ஓடுகிறது என்று பிளக்கை ஆயுள் கடந்தும் விட்டுவைப்பது உண்மையாகவே மைலேஜைக் கெடுக்கும் தவறு. இடைவெளி அகன்று பொறி தவறும்போது, எரியாத பெட்ரோலோடு பயன்படாத ஆக்ஸிஜனும் புகைக்குழாயில் இறங்குகிறது. ஆக்ஸிஜன் சென்சார் அதைக் கண்டு பெட்ரோல் போதவில்லை என்று தவறாகச் சொல்ல, கணினி இன்னும் கூடுதலாகத் தெளிக்கச் செய்கிறது. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேடலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, அதை அளவுக்கு மீறிச் சூடாக்குகிறது. அதன் விலை பிளக்குகளின் விலையைப் போலப் பல மடங்கு.

கழற்றிய பிளக்குகளை சிலிண்டர் வரிசை மாறாமல் அடுக்கி வைத்துப் பார்க்க வேண்டும். மூக்கு இளம்பழுப்பாக இருந்தால் எரிதல் சரியாக உள்ளது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. ஈரமான எண்ணெய்ப் பிசுக்கு, ஆயில் மேலேறுவதைக் காட்டுகிறது. வெளிப்புறப் பீங்கானில் உலோகக் கூட்டை ஒட்டித் தெரியும் பழுப்பு வளையத்தைக் கண்டு மின்கசிவு என்றோ வாயு கசிகிறது என்றோ பிளக்கைத் தூக்கியெறிபவர்கள் உண்டு. அது உயர் மின்னழுத்தத்தால் ஈர்க்கப்பட்ட எண்ணெய்த் துகள்களின் கறை மட்டுமே. எல்லாப் பிளக்குகளும் ஒரே இளம்பழுப்பில் இருந்து, இடைவெளியும் வரம்புக்குள் இருந்தால், குறைந்துபோன மைலேஜுக்கான காரணத்தை டயரின் காற்றழுத்தத்திலும், விடுபடாமல் உரசும் பிரேக்கிலும், திறந்தபடியே சிக்கிக்கொண்டு எஞ்சினைச் சூடாகவிடாத தெர்மோஸ்டாட்டிலும் தேட வேண்டும்.